குதிரைக்கு வம்சம் பார்த்தவர்கள்

போன தை மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குதிரை வந்து நின்றது. பெரியப்பா அனுப்பியிருந்தார். பழைய கறுப்பு வெள்ளைப் படம், பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு ராஜா. கீழே பத்து வரி. சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: 1934ல் ஓர் இந்திய ராஜாவின் இந்தியக் குதிரை, இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தில் வெள்ளைக்காரர்களின் குதிரைகளை எல்லாம் தோற்கடித்தது, அதன் தகப்பன் பெரிய பந்தய வீரன், ரத்தம் பேசாமல் இருக்குமா?

சும்மா இருந்தால் நானும் ஒரு கைகூப்பு போட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த வாரம் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா மகள் தன்னோடு வேலை பார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறாள். பையன் நல்லவன், சம்பாதிக்கிறான், எல்லாம் சரி. குறுஞ்செய்திக்குக் கீழே பெரியப்பாவின் குரல் பதிவு வந்தது: "வெள்ளைக்காரன் குதிரைக்கே வம்சம் பாக்கறான்டா. மனுசனுக்குப் பாக்க வேண்டாமா?" சாதி என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. பூலாம்பாடியில் அதைச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும் என்று இல்லை.

பெரியப்பா பல வருஷம் மலேசியாவில் ஈப்போவில் லாரி ஓட்டியவர். அங்கே விடுமுறை நாள்களில் குதிரைப் பந்தயம் பார்த்துப் பழகியவர். எனக்கோ ஒரு ரூபாய் கட்டிய அனுபவம் கிடையாது. பட்டியல்கள், பதிவேடுகள் படிக்கிற கிறுக்கு மட்டும் உண்டு. அதனால் இந்தக் குதிரையை எடுத்துப் பார்த்தேன். ஒரு குறுஞ்செய்திக்கு இவ்வளவு நீளமாக விமர்சனமா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், அது எங்கள் வீட்டுக் கூடத்தில் சாட்சி சொல்ல வந்துவிட்டது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடலாமா?

முதலில், உண்மையானவை. குதிரையின் பெயர் விண்ட்சர் லாட். உரிமையாளர் ராஜ்பிப்லா சமஸ்தானத்தின் மகாராஜா விஜயசிங்ஜி. ராஜ்பிப்லா குஜராத்தில் இருக்கிறது. இன்று படேல் சிலை நிற்கிற நர்மதா மாவட்டத்தின் தலைநகர். 1934 ஜூன் 6 அன்று எப்சம் டெர்பியை இந்தக் குதிரை வென்றது. இந்திய சமஸ்தான மன்னர்களில் அந்தப் பந்தயத்தை வென்றவர் இவர் ஒருவரே. ஆகா கான் பலமுறை வென்றிருக்கிறார், ஆனால் அவருக்கு ஆள்வதற்கு நாடு கிடையாது. விஜயசிங்ஜி அதற்கு முன்பே 1926ல் எம்பார்கோ என்ற குதிரையை வைத்து ஐரிஷ் டெர்பியையும் வென்றவர். ஆக, ஆள் கற்பனை இல்லை, வெற்றியும் கற்பனை இல்லை.

இனி தவறுகள். 'இந்தியக் குதிரை' என்பது முதல் தவறு. விண்ட்சர் லாட் அயர்லாந்தில் டான் சல்லிவன் என்பவரிடம் 1931ல் பிறந்தது. ஒரு வயதுக் குட்டியாக 1,300 கினிக்கு மகாராஜா வாங்கினார். பயிற்சி கொடுத்தவர் மார்கஸ் மார்ஷ் என்ற இளம் ஆங்கிலேயர். ஓட்டியவர் சார்லி ஸ்மிர்க், அவரும் ஆங்கிலேயர். பெயர்கூட மகாராஜா விண்ட்சர் பக்கத்தில் வாங்கி வைத்திருந்த மாளிகையை ஒட்டி வந்தது. நர்மதைத் தண்ணீர் ஒரு வாய் குடித்திருக்குமா என்பதே சந்தேகம்.

இரண்டாவது தவறுதான் முக்கியம். 'தகப்பன் பெரிய பந்தய வீரன்'. தகப்பன் பிளாண்ட்ஃபோர்ட். அது வாழ்க்கையில் ஓடியதே நான்கு பந்தயங்கள். மூன்றில் வென்றது. கால் சரியில்லை. டெர்பி மாதிரியான பெரிய பந்தயம் எதிலும் அது ஓடவில்லை. 730 கினிக்கு வாங்கப்பட்ட குதிரை, அந்தக் காலக் கணக்குக்கு ஒன்றும் பெரிய விலை இல்லை. ஆனால் பொலிகுதிரையாக விட்ட பிறகு அது நான்கு எப்சம் டெர்பி வெற்றியாளர்களைப் பெற்றது: 1929ல் ட்ரிகோ, 1930ல் பிளென்ஹீம், 1934ல் விண்ட்சர் லாட், 1935ல் பஹ்ராம். குறுஞ்செய்தியை எழுதியவருக்கு இது தெரியாதா, அல்லது 'சாம்பியன் மகன் சாம்பியன்' என்று சொன்னால்தான் கதை நிற்கும் என்று மாற்றிவிட்டாரா, அவருக்கே வெளிச்சம்.

குறுஞ்செய்தியில் தாய் இல்லவே இல்லை. விண்ட்சர் லாடின் தாய் ரெஸ்பிளெண்டன்ட். அது 1926ல் அயர்லாந்தின் ஆயிரம் கினி பந்தயத்தையும் ஓக்ஸ் பந்தயத்தையும் வென்ற பெட்டை. அதாவது இந்த வீட்டில் பெரிய பந்தயம் ஜெயித்தது அம்மா. அப்பா கால் நொண்டி. பெருமை அப்பா பேரில் எழுதப்பட்டது.

அந்த டெர்பியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், நல்ல கதை. அன்று எல்லாரும் பணம் கட்டியிருந்தது இன்னொரு குதிரை மேல். அதன் பெயர் கொழும்பு. ஆமாம், நம்ம கொழும்புதான். லார்ட் கிளேன்லியின் குதிரை. இரண்டு வயதில் ஓடிய ஏழு பந்தயங்களையும் வென்று, அந்த வருஷம் இரண்டாயிரம் கினியையும் வென்று, தோல்வியே தெரியாமல் டெர்பிக்கு வந்தது. ஓட்டியவர் ரே ஜான்ஸ்டன். உள்பக்கத் தடுப்பை ஒட்டிக்கொண்டு போனவர், முன்னால் களைத்துப்போன குதிரைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். வெளியே வர வழி கிடைப்பதற்குள் ஸ்மிர்க் போய்விட்டார். விண்ட்சர் லாட் முதலில், ஈஸ்டன் இரண்டாவது, கொழும்பு மூன்றாவது. நேரம் 2 நிமிடம் 34 வினாடி, முந்தைய ஆண்டு ஹைபீரியன் வைத்திருந்த சாதனைக்குச் சமம். கொழும்பை வேறு யாராவது ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை பந்தயப் பைத்தியங்கள் பேசுகிறார்கள்.

ஸ்மிர்க் கதை இன்னும் ருசி. 1928ல் கேட்விக் பந்தயத்தில் அவர் ஓட்டிய குதிரை தொடக்கத்திலேயே நகராமல் நின்றுவிட்டது. அவர் வேண்டுமென்றே நிறுத்திவிட்டார் என்று சொல்லி ஐந்து வருஷம் தடை போட்டார்கள். தடை முடிந்து வந்தது 1933ல். அடுத்த கோடையில் டெர்பி. இதே ஸ்மிர்க்கை இன்னொரு இந்திய ராஜாவின் குதிரை மேல் பின்னால் பார்ப்போம், நினைவில் வையுங்கள்.

பிறகு என்ன நடந்தது? அந்தக் கோடையிலேயே மகாராஜா குதிரையை விற்றுவிட்டார். வாங்கியவர் மார்ட்டின் பென்சன், 'டக்ளஸ் ஸ்டூவர்ட்' என்ற பெயரில் பந்தயப் பணம் வாங்கும் தொழில் நடத்தியவர். விலை 50,000 பவுண்டு. அன்று ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 6.67 லட்சம் ரூபாய். 1934ல். செப்டம்பரில் விண்ட்சர் லாட் செயின்ட் லெஜரை வென்றபோது அது பென்சன் குதிரை. விற்றதில் தப்பில்லை, 1,300 கினிக்கு வாங்கியதை யாராக இருந்தாலும் விற்பார்கள். ஆனால் 'இந்தியாவின் மானம்' என்று படம் போடுகிறவர்கள் இந்த ரசீதையும் சேர்த்துப் போட வேண்டும்.

பந்தயக் குதிரையாக அதன் தகுதியைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மொத்தம் 13 பந்தயம், 10 வெற்றி. 1934 ஜூலையில் எக்லிப்ஸ் பந்தயத்தில் மற்ற குதிரைகளுக்கு நடுவே சிக்கி மூன்றாவதாக வந்தது. அதற்குப் பிறகு தோற்கவே இல்லை. 1935ல் கொரோனேஷன் கோப்பை, அதே எக்லிப்ஸ், எல்லாம் வென்றுவிட்டு ஓய்வு பெற்றது. அந்த வருஷம் பஹ்ராம் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்று முக்கிரீடம் சூடியது. ஒரே தகப்பனின் இரண்டு மகன்கள். இரண்டும் நேருக்கு நேர் மோதவில்லை. எது பெரியது என்று இன்றைக்கும் தீர்ப்பு இல்லை.

இப்போது பண்ணைக்கு வருவோம். பெரியப்பாவின் வாதம் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

நம் ஊரில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நாம் கால்நடை மருத்துவமனைக்குப் போய் சினை ஊசி போட்டுக்கொண்டு வருகிறோம். தரோபிரெட் குதிரையில் அது செல்லாது. ஊசியில் பிறந்த குட்டியைப் பதிவேட்டில் சேர்க்க மாட்டார்கள். பொலிகுதிரையும் பெட்டையும் நேரில் சேர வேண்டும். பதினோரு மாதச் சினை, வருஷத்துக்கு ஒரு குட்டி. அந்தக் காலத்தில் நல்ல பொலிகுதிரைக்குப் பருவத்துக்கு நாற்பது பெட்டைகள் என்பது வழக்கமான கணக்கு. பெட்டை தன் ஆயுளில் பத்து குட்டி போட்டால் பெரிது. பொலிகுதிரை பதினைந்து வருஷம் நின்றால் சில நூறு குட்டிகள். இந்த எண்ணிக்கை வித்தியாசத்தால்தான் எல்லாக் கண்ணும் தகப்பன் மேல் போகிறது. பத்துச் சீட்டு வாங்கியவனை விட முந்நூறு சீட்டு வாங்கியவனுக்குப் பரிசு அதிகம் விழும். அதை 'ரத்தத்தின் வலிமை' என்று எழுதிவிடுகிறார்கள்.

விண்ட்சர் லாட் பொலிகுதிரையாகத் தோல்வி என்பது பந்தய எழுத்தாளர்களின் வழக்கமான தீர்ப்பு. குறுஞ்செய்தியில் இந்தப் பகுதி இல்லை, வசதியாக விட்டுவிட்டார்கள். தீர்ப்பு எந்த அடிப்படையில்? குதிரைக்கு நெற்றிப் புழை நோய், நம் பேச்சில் சொன்னால் சைனஸ், தீராத அளவுக்கு வந்தது. நடுவில் போர். 1943ல், பன்னிரண்டு வயதில், வேதனை தாங்க முடியாமல் கருணைக் கொலை செய்தார்கள். ஏழெட்டுப் பருவம், அதிலும் நோயோடு. அதற்குள் விண்ட்சர் ஸ்லிப்பர் என்ற மகனைக் கொடுத்தது. அது 1942ல் தோல்வியே இல்லாமல் அயர்லாந்தின் முக்கிரீடத்தை வென்றது. ஆனால் மகன் வழி இரண்டு மூன்று தலைமுறைக்குள் மெலிந்துபோனது. 'ஆண் வாரிசு நிற்கவில்லை, ஆகவே தோல்வி.' இதுதான் தீர்ப்பின் முழு வாசகம். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

சகோதரர்களையும் பாருங்கள். பிளென்ஹீம் 1936 டெர்பி வென்ற மஹ்மூதைப் பெற்றது, அமெரிக்கா போய் அங்கே 1941ல் முக்கிரீடம் வென்ற வர்ல்அவேயையும் பெற்றது. ட்ரிகோ பொலிகுதிரையாகப் பெரிதாகச் சோபிக்கவில்லை. ஒரே தகப்பன், நால்வரும் டெர்பி வென்றவர்கள், நால்வர் கதையும் நாலு மாதிரி. புலிக்குப் பிறந்தது பூனையாகாது என்பார்கள். புலிக்குப் பிறந்த நாலு புலியில் எது குட்டி போடும், எது போடாது என்று பழமொழி சொல்வதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. 50,000 பவுண்டுக்கு விண்ட்சர் லாடை வாங்கிய அதே பென்சன், 1938ல் இத்தாலியிலிருந்து 60,000 பவுண்டுக்கு இன்னொரு குதிரை வாங்கினார். நியர்கோ. ஓடிய 14 பந்தயத்திலும் தோற்காத குதிரை. நியூமார்க்கெட்டில் பென்சனின் பீச் ஹவுஸ் பண்ணையில் நின்றது. போர்க்காலத்தில் குண்டு விழுந்தால் என்ன செய்வது என்று அதற்குத் தனிப் பதுங்குகுழி வெட்டி வைத்தார்கள். 1957 வரை உயிரோடு இருந்தது. அதன் மகன் நியர்க்டிக், பேரன் நார்தர்ன் டான்சர். இன்று உலகத்தில் எந்தப் பந்தயத் திடலில் போய் நின்றாலும் நியர்கோ ரத்தம் இல்லாத குதிரையைக் காண்பது அரிது. ஒரே முதலாளி, பத்தாயிரம் பவுண்டு வித்தியாசம். ஒன்று நோயில் முடிந்தது, மற்றொன்று உலகத்தை மூடியது. 1938ல் பென்சனுக்கு இது தெரிந்திருக்குமா?

ஆனால் கதை அதோடு முடியவில்லை. விண்ட்சர் லாடுக்கு 1939ல் ஒரு மகள் பிறந்தது, பெயர் ஃபேஸ். லயோனல் ஹாலிடே என்பவரின் பண்ணைக்கே அஸ்திவாரமாக அமைந்த பெட்டை அது. ஃபேஸை நியர்கோவிடம் கொண்டுபோனார்கள். பிறந்த குட்டிகளில் ஒன்று நீஷம் பெல். 1951ல் அது எப்சமில் ஓக்ஸ் பந்தயத்தை வென்றது. பட்டியலில் 'நியர்கோவின் மகள்' என்று போட்டிருக்கும். விண்ட்சர் லாடின் பெயரைத் தேட வேண்டுமென்றால் அடுத்த கட்டத்தில், தாயின் தகப்பன் என்ற இடத்தில் தேட வேண்டும். பென்சன் வாங்கிய இரண்டு குதிரைகளும் ஒரு பெண் குட்டியில் சந்தித்துக்கொண்டன. ஆண் வழியை மட்டும் எண்ணுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. தாய் வழிகளை வரிசைப்படுத்தி எண் கொடுத்துப் பார்த்த ஆளும் உண்டு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புரூஸ் லோ என்ற ஆஸ்திரேலியர். அவருடைய முடிவுகள் பலவற்றை இன்று யாரும் ஏற்பதில்லை, ஆனால் அந்த எண்களைப் பதிவேட்டு ஆட்கள் இன்னும் விடவில்லை.

(தமிழில் 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. எங்கள் ஊரில் பிள்ளை பெயில் ஆனால்தான் அதைச் சொல்லுவார்கள்.)

இந்தியாவுக்கும் ஓர் உதாரணம். 1990 எப்சம் டெர்பியில் அதிகப் பணம் கட்டப்பட்ட குதிரை ரசீன். நார்தர்ன் டான்சரின் மகன், ஹென்றி செசிலின் பயிற்சி, மேலே ஸ்டீவ் காதென். இதற்கு மேல் வம்சமும் வளர்ப்பும் கிடையாது. பந்தயத்தில் பின்வரிசையில் வந்து சேர்ந்தது. பிறகு ஹரியானாவின் உஷா பண்ணைக்கு வந்து, பலமுறை இந்தியாவின் முதன்மைப் பொலிகுதிரை ஆனது. கிண்டியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் அதன் பிள்ளைகள் ஓடின. வம்சம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ரசீன் விஷயத்தில் அது கடைசியில் பேசத்தான் செய்தது. பேச வேண்டிய நாளில் பேசவில்லை, அவ்வளவுதான்.

இங்கே பெரியப்பாவுக்கு நியாயம் செய்ய வேண்டும். தேர்ந்தெடுத்து வளர்த்தால் குதிரை வேகமாகும் என்பது உண்மை. மூன்று நூற்றாண்டு அப்படிச் செய்ததால்தான் தரோபிரெட் என்ற இனமே இருக்கிறது. ஆனால் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? ஓடவிட்டு. ஓடித் தோற்றதை ஒதுக்கிவிட்டு. பிறக்கிற குட்டிகளில் பெரும்பாலானவை பொலிக்குப் போவதே இல்லை. நம் வம்சத்தில் யார் ஓடினார்கள், யார் நேரம் குறித்தார்கள்? எங்கள் தாத்தா எந்தப் பந்தயத்தில் ஜெயித்ததால் எங்கள் பாட்டியைக் கட்டிக்கொடுத்தார்கள்? இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம் இருந்தது என்று கேள்வி.

வளர்ப்பைப் பற்றி நம் நாட்டுச் சாட்சியே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்குவதையும் அவை சீக்கிரம் செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெட்டையையும் சேர்த்தாலும் இங்கே கால் கோணிய, ஏறி உட்கார முடியாத குட்டிதான் பிறக்கிறது என்கிறார். தீனியும் சரியில்லை, பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை என்பது அவர் சொல்லும் காரணங்களில் சேர்ந்தது. மாணிக்கவாசகர் கதையில் பாண்டியன் குதிரை வாங்கப் பணம் கொடுத்து அனுப்புகிறானே, ஏன் இங்கேயே வளர்க்கவில்லை என்று சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. போலோ அதைத் தீர்த்துவைத்தார்.

கடைசியாக, 'வெள்ளைக்காரன் வம்சம் பார்க்கிறான்' என்ற வாக்கியம். பார்த்தான், உண்மைதான். எவ்வளவு தூரம் பார்த்தான், பார்த்து என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும்.

பரம்பரைப் பதிவேடு முதலில் வந்தது 1791ல். நூற்றிருபது வருஷம் கழித்து அமெரிக்காவில் பல மாநிலங்களில் பந்தயப் பணம் கட்டுவதைத் தடை செய்தார்கள். அங்கிருந்து குதிரைகள் இங்கிலாந்துக்கு வந்து குவிந்தன. ஆங்கிலப் பண்ணைக்காரர்களுக்குப் பயம். அமெரிக்கக் குதிரைகளின் பழைய தாய்தகப்பன் விவரங்கள் பலவற்றுக்கு ஆதாரம் இல்லை, உள்நாட்டுப் போரில் பதிவுகள் போய்விட்டன. 1913ல் விதி போட்டார்கள்: தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரு குறையும் இல்லாமல், ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கும் குதிரைகளில் போய் முடிந்தால்தான் இடம். லார்ட் ஜெர்சி முன்னின்றதால் ஜெர்சி சட்டம் என்று பெயர் வந்தது. அதில் சேராதவை 'அரை ரத்தம்'. ஓடலாம், வெல்லலாம், பணம் வாங்கலாம். பதிவேட்டில் பெயர் மட்டும் ஏறாது. ஊருக்குள் வரலாம், கோயிலுக்குள் வரக்கூடாது என்ற மாதிரி.

சட்டம் போட்ட மறு வருஷமே, 1914ல், எப்சம் டெர்பியை வென்றது ஓர் 'அரை ரத்தம்'. அதன் பெயர் தர்பார். அதன் தாய் ஆர்மீனியா வழியில் அமெரிக்க ரத்தம் இருந்தது, அதனால் பதிவேட்டில் இடம் இல்லை. தர்பாரின் மகள் டர்பன். டர்பனின் மகன் டூர்பியான், பிரான்சின் பெரிய பொலிகுதிரை. டூர்பியானின் மகன் ஜெபெல். ஜெபெலின் மகன் 1945ல் பிரான்சில் பிறந்தது. அதை வாங்கியவர் பரோடா மகாராஜா பிரதாப்சிங் கெய்க்வாட். அவர் வைத்த பெயர் மை பாபு.

1948ல் மை பாபு நியூமார்க்கெட்டில் இரண்டாயிரம் கினி பந்தயத்தை வென்றது. மேலே உட்கார்ந்திருந்தவர் சார்லி ஸ்மிர்க், பதினான்கு வருஷத்துக்கு முன் விண்ட்சர் லாட் மேல் இருந்த அதே ஆள். அதே வருஷம் செயின்ட் லெஜரை வென்ற பிளாக் டார்க்வினும் பதிவேட்டில் ஏற முடியாத குதிரைதான். பெரிய பந்தயங்களை வெல்கிற குதிரையைத் 'தரோபிரெட் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தால் சிரிப்பார்கள். 1949ல் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். முப்பத்தாறு வருஷம் பாதுகாத்த சுத்தம். பாதுகாத்ததில் ஆங்கிலக் குதிரைகளுக்கு நஷ்டமே தவிர லாபம் இல்லை. நல்ல ரத்தம் பிரான்சிலும் அமெரிக்காவிலும் வளர்ந்துகொண்டிருக்க, இவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆக, பெரியப்பா தேடிப்பிடித்த வெள்ளைக்காரனே வம்ச விதியைக் கைவிட்டுவிட்டான். கைவிட வைத்தவற்றில் ஒன்று நிஜமாகவே ஓர் இந்திய ராஜாவின் குதிரை. குறுஞ்செய்தி எழுதியவர் இந்தக் குதிரையை எடுத்திருந்தால் இன்னும் நல்ல கதை கிடைத்திருக்கும். ஆனால் அது அவர் சொல்ல நினைத்த கதை இல்லை.

இதையெல்லாம் குழுவில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று நேரில் போய்ச் சொன்னேன். மக்காச்சோளம் காயப்போட்டிருந்த களத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். முழுசாகக் கேட்டார், அதைச் சொல்லியாக வேண்டும். ஜெர்சி சட்டத்தில் மட்டும் குறுக்கே பேசினார்.

"அந்த பாபு குருதைக்கு அப்பறம் புள்ளைகுட்டி நின்னுச்சா?"

நின்றது என்றேன். அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அதன் மகள் ஒன்று 1964ல் ஒரு ஆண் குட்டி போட்டது, பெயர் டமாஸ்கஸ். 1967ல் அமெரிக்காவின் அந்த ஆண்டின் சிறந்த குதிரை. அந்த மகளின் பெயர் கேரளா.

"கேரளாவா?" என்று எழுந்து உட்கார்ந்தார். "குருதைக்கா?"

ஆமாம் பெரியப்பா, குதிரைக்குத்தான்.

கொஞ்ச நேரம் சோளத்தைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். "குருதைய விடு. அந்தப் பையன் அம்மாவுக்கு எந்த ஊருன்னு சொன்னாங்க?" என்றார்.

கல்யாணப் பேச்சு இன்னும் முடியவில்லை. சித்திரைக்கு அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்திருக்கிறார்கள்.